அங்கதமும் ஆயுத வணிகமும்

போரைப் பாடிய புலவர்கள் பலர். போர்க்கருவியை விற்றவனைப் பாடியவர் மிகச் சிலர். வீரனின் வாளுக்குக் காவியத்திலே பெயர் உண்டு. அந்த வாளை யார் செய்தான், என்ன விலைக்குக் கொடுத்தான், முதல் வெட்டிலேயே அது முறிந்ததா என்பன போன்ற செய்திகளுக்குக் காவியத்திலே இடமில்லை. அவற்றுக்கு இலக்கியத்தில் ஓரிடம் தேடிக் கொடுத்தது நகைச்சுவையே எனலாம். ஆயினும் அந்த நகைச்சுவை காலந்தோறும் யாரைப் பார்த்துச் சிரித்தது, யாரைச் சிரிப்புக்கு எட்டாத இடத்தில் வைத்தது என்று ஆராய்வோமாயின், ஒரு நாடகக் கலையின் வரலாறு மாத்திரமன்றி, ஒரு வணிகத்தின் வரலாறும் நமக்குத் தெரியவரும். 1998ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘பென்ரகன் போர்கள்’ என்னும் நகைச்சுவைப் படத்தை அவ்வரலாற்றிலே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.மு. 421ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், ஏதென்ஸ் நகரத்துத் தயோனீசியப் பெருவிழாவிலே, அரிஸ்தோபனீஸ் தமது ‘சமாதானம்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். ஸ்பார்ட்டாவுடன் ஏதென்ஸ் நடத்திவந்த போர் அப்பொழுது பத்தாண்டுகளை எட்டியிருந்தது. திராட்சைத் தோட்டக் குடியானவன் ஒருவன் சாணி வண்டொன்றின் முதுகிலேறி விண்ணுலகு சென்று, குகையிலே அடைபட்டுக் கிடந்த சமாதானத் தேவதையை மீட்டு வருகின்றான். சமாதானம் வந்ததும் அரிவாள் செய்பவன் பரிசுப் பொருள்களுடன் மகிழ்ந்து வருகின்றான். அவன் பின்னாலேயே தலைக்கவசத்துக்குக் குஞ்சம் செய்பவனும், மார்புக்கவசம் விற்பவனும், எக்காளம் செய்பவனும், ஈட்டி செய்பவனும் தங்கள் பிழைப்புக் கெட்டதென்று புலம்பிக்கொண்டு வருகின்றனர். குடியானவன் அவர்களுக்கு இரங்குபவன்போலப் பாசாங்கு செய்து சரக்கைப் பார்வையிடுகின்றான். மார்புக்கவசம் மலங்கழிக்கும் கலமாக உதவுமா என்று அதன்மீது உட்கார்ந்து பார்க்கின்றான். குஞ்சம் மேசை துடைக்க உதவும் என்கின்றான். ஈட்டிகளைத் திராட்சைக் கொடிக்கு ஊன்றுகோலாக நடலாமென்று அடிமாட்டு விலைக்குக் கேட்கின்றான்.

இக்காட்சியிலே நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அங்கே ஆயுதம் விற்பவன் மேடையிலே நிற்கின்றான். அவனுக்கு முகம் உண்டு, வாய் உண்டு. போர் நின்றால் தனக்கு நட்டம் என்பதை ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவனே சொல்லி அழுகின்றான். அவன் சிறிய பட்டறைக்காரன். அவனைக் கண்டு ஒரு குடியானவன் சிரிக்கலாம். சிரிப்பதற்குத் தைரியம் போதும், வேறெதுவும் வேண்டியதில்லை.

பட்டறை தொழிற்சாலையாக மாறிய காலத்திலே நிலைமை மாறியது. 1861ஆம் ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது வட மாநிலங்களின் அரசாங்கத்துக்கு இலட்சக்கணக்கான போர்வீரருக்கு உடையும் காலணியும் துப்பாக்கியும் உடனே தேவைப்பட்டன. குத்தகைக்காரர்கள் கந்தல் துணியை அரைத்து மீண்டும் நெய்த ‘ஷொடி’ என்னும் மலிவுத் துணியில் சீருடை தைத்துக் கொடுத்தனர். மழையிலே நனைந்ததும் அவை பிரிந்து போயின. மட்டமான சரக்கைக் குறிக்கும் சொல்லாக இன்றும் ஆங்கிலத்திலே வழங்குவது அத்துணியின் பெயரே. அதே ஆண்டில் அரசாங்கம் பழையன என்று கழித்துவிட்ட ஐயாயிரம் துப்பாக்கிகளை ஒன்று மூன்றரை டொலர் வீதம் ஒரு வியாபாரி வாங்கினான். அவை கைமாறி, சிறிது திருத்தப்பட்டு, அதே அரசாங்கத்தின் படைத்தளபதி ஒருவருக்கு ஒன்று 22 டொலர் வீதம் விற்கப்பட்டன. பொல்லுக் கொடுத்து அடி வாங்கிய கதை என்று நம்மவர் கூறுவர்.

இத்தகைய மோசடிகளின் விளைவாக 1863ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தை இயற்றியது. அரசாங்கத்திடம் பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பெற்றவன்மீது எந்தக் குடிமகனும் அரசாங்கத்தின் சார்பிலே வழக்குத் தொடரலாம். வென்றால் மீட்கப்படும் தொகையில் பாதி அன்று அவனுக்கு உரியதாயிருந்தது. இச்சட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் அது நமது கதையினுள் மீண்டும் நுழையும்.

நாடக மேடையிலோ, ஆயுத வணிகன் மெல்ல மெல்லப் பின்னுக்கு நகரத் தொடங்கினான். பேர்னாட் ஷாவின் ‘ஆயுதங்களும் மனிதனும்’ 1894இல் இலண்டனில் அரங்கேறியது. 1885ஆம் ஆண்டின் சேர்பிய பல்கேரியப் போரே அதன் பின்னணி. பல்கேரியக் குதிரைப்படை அதிகாரி ஒருவன் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கிப் பாய்ந்து பெருவெற்றி பெறுகின்றான். அவனுடைய காதலி அவனை வீரத்தின் அவதாரமெனக் கொண்டாடுகின்றாள். உண்மையில் அவன் பிழைத்தது வீரத்தினாலன்று. எதிரியின் துப்பாக்கிகளுக்குப் பொருந்தாத ரவைகள் அனுப்பப்பட்டிருந்தமையாலேயே. எதிரிப் படையிலிருந்து தப்பியோடி வரும் கூலிப்போர்வீரனின் வாயிலாக இவ்வுண்மை வெளிவருகின்றது. அவன் ரவைக்குப் பதிலாகச் சொக்கலேற்றைப் பையில் வைத்திருப்பவன். போர் வீரத்தைப் பற்றிய கற்பனைகளையெல்லாம் ஷா ஒரே அடியில் உடைத்துவிடுகின்றார். ஆயின், அந்தப் பொருந்தாத ரவைகளை அனுப்பியவன் யார்? அவனை மேடையிலே காணோம். பதினோராண்டுகளின் பின்னர், 1905இல், ‘மேஜர் பார்பரா’ நாடகத்தில் ஷா அவனை மேடையேற்றினார். ஆனால் இம்முறை அவன் பீரங்கித் தொழிற்சாலையின் அதிபதி. பணம் கொடுப்பவன் எவனாயினும் அவனுக்கு ஆயுதம் விற்பதே தன் தர்மம் என்பவன். நாடகத்திலே மிகக் கூர்மையான பேச்சு அவனுடையதே. முடிவிலே வெல்பவனும் அவனே. ஏதென்ஸிலே குடியானவன் வணிகனைப் பார்த்துச் சிரித்தான். இலண்டனிலே வணிகன் ஏனையோரைப் பார்த்துச் சிரிக்கின்றான்.

சினிமாவிலே இவ்வங்கதத்தைத் தொடர்ந்தவர் சார்ளி சப்ளின். 1940இல் வெளிவந்த ‘மகா சர்வாதிகாரி’ படத்தின் தொடக்கத்தில் ஒரு மாபெரும் பீரங்கி வருகின்றது. முதற் குண்டு தொலைவிலுள்ள ஒரு மலசலகூடத்தைத் தகர்க்கின்றது. இரண்டாவது குண்டு பீரங்கியின் வாயிலிருந்து சில அடி தூரத்திலே பொத்தென்று விழுகின்றது. அதைப் பரிசோதிக்குமாறு மேலதிகாரி அடுத்தவனுக்கு உத்தரவிட, அவன் தனக்குக் கீழுள்ளவனுக்கு உத்தரவிட, கடைசியில் சாதாரணச் சிப்பாய் தனியே அதனை நெருங்க நேர்கின்றது. உத்தரவு மேலிருந்து கீழே இறங்கும். ஆபத்தும் அதனோடு இறங்கும் என்னும் உண்மையைச் சப்ளின் காட்டிவிடுகின்றார். பின்னர் ஒரு காட்சியில், ரவை துளைக்காத சீருடையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் சர்வாதிகாரியின் முன் வருகின்றான். சர்வாதிகாரி சுடுகின்றான், அவன் விழுந்து சாகின்றான். இன்னொருவன் தொப்பிக்குள் அடங்கும் பரசூட்டை அணிந்து யன்னலால் குதித்து மாள்கின்றான். இங்கே ஆயுதத்தைச் செய்தவனே அதனைச் சோதித்துப் பார்க்கின்றான். அதனாலேயே நமக்குச் சிரிப்பு வருகின்றது. உண்மை உலகிலே செய்தவன் ஒருவன். சோதனையிலே மாள்பவன் வேறொருவன்.

அவ்வேற்றுமை நகைச்சுவையன்று என்பதை 1943ஆம் ஆண்டு நிகழ்வொன்று காட்டியது. அப்பொழுது செனற்றராக இருந்த ஹரி ட்ரூமன் தலைமையிலான விசாரணைக் குழு, ஓகையோ மாநிலத்தில் விமான எஞ்சின் செய்யும் தொழிற்சாலையொன்றில் குறைபாடுள்ள எஞ்சின்கள் தேறியனவாகச் சான்றளிக்கப்பட்டு அனுப்பப்பட்டதை வெளிப்படுத்தியது. பரிசோதகர்கள் நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்திருந்தனர். ஆதர் மில்லர் எழுதி 1947இல் அரங்கேறிய ‘எல்லோரும் என் பிள்ளைகளே’ என்னும் நாடகத்துக்கு இத்தகைய செய்தியே வித்தாயிற்று. வெடிப்பு விழுந்த எஞ்சின் பாகங்களை விமானப்படைக்கு அனுப்பிவிட்டுத் தன் குடும்பத்துக்காகவே செய்தேன் என்று சொல்லும் தகப்பனின் கதை அது. இருபத்தொரு விமானிகள் மாள்கின்றனர். அங்கே சபையோர் சிரிக்கவில்லை. எனினும் ஒன்று குறிப்பிடத்தக்கது: மில்லரின் குற்றவாளி ஒரு சிறு முதலாளி, ஒரு தகப்பன், அயலவன். அவனுக்கு இன்னும் முகம் இருந்தது.

1961ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி, பதவியிலிருந்து விலகும் ஜனாதிபதி ஐசன்ஹோவர் தமது பிரியாவிடை உரையிலே இராணுவமும் ஆயுதத் தொழிலும் பிணைந்த ஒரு வல்லமை உருவாகிவிட்டதென்றும், அதன் செல்வாக்குக் குறித்து மக்கள் விழிப்பாயிருக்க வேண்டுமென்றும் எச்சரித்தார். எச்சரித்தவர் இடதுசாரியல்லர், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளை நடத்திய சேனாபதி. எட்டாண்டுகளின் பின், 1969இல், செனற்றர் வில்லியம் புரொக்ஸ்மையர் வெளியிட்ட கணக்கின்படி, கேணலும் அதற்கொப்பான தரமும் அதற்கு மேற்பட்ட பதவிகளும் வகித்து இளைப்பாறிய 2,072 அதிகாரிகள் முதல் நூறு ஆயுதக் கம்பனிகளில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தனர். வாங்குபவனும் விற்பவனும் ஒரே மேசையின் இருபுறத்திலும் மாறி மாறி அமரும் நிலைமை இது. இன்று சரக்கைப் பரிசோதிக்கும் அதிகாரிக்கு நாளை சம்பளம் தரப்போகின்றவன் யாரென்பது தெரிந்திருக்குமாயின், அவனுடைய பரிசோதனை எவ்வண்ணம் அமையும் என்று கூறவும் வேண்டுமோ?

1980களின் முற்பகுதியில் ரேகன் அரசாங்கம் ஆயுதச் செலவைப் பெருமளவில் கூட்டியபோது, ஹொலிவூட் இரு நகைச்சுவைப் படங்களைத் தந்தது. 1983இல் வெளிவந்த ‘நூற்றாண்டின் பேரம்’, இலத்தீன் அமெரிக்கக் கற்பனை நாடொன்றின் சர்வாதிகாரிக்கு ஆளில்லா விமானம் விற்க அலையும் தரகனின் கதை. 1984இல் வெளிவந்த ‘சிறந்த தற்காப்பு’, டாங்கி ஒன்றின் கோளாறுள்ள கருவியைச் செய்த பொறியியலாளனையும், குவைத்தில் அந்த டாங்கிக்குள் அகப்பட்ட சிப்பாயையும் மாறி மாறிக் காட்டியது. இரண்டும் பெரிதாக வெற்றி பெறவில்லை. நிஜ உலகம் அவற்றிலும் சிறந்த நகைச்சுவையைத் தந்துகொண்டிருந்தமை அதற்கு ஒரு காரணமாகலாம். ‘சார்ஜன்ட் யோர்க்’ என்னும் விமான எதிர்ப்பு வாகனம், 1982ஆம் ஆண்டின் காட்சிச் சோதனையொன்றில், வானத்து இலக்கை விட்டுவிட்டுச் சேனாபதிகள் அமர்ந்திருந்த மேடையை நோக்கித் தன் குழாய்களைத் திருப்பியதாக அக்காலப் பத்திரிகைகள் எழுதின. ஏறத்தாழ 180 கோடி டொலர் செலவான பின்னர், சுமார் ஐம்பது வாகனங்கள் மாத்திரமே செய்யப்பட்ட நிலையில், 1985 ஓகஸ்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

‘பென்ரகன் போர்கள்’ இந்தக் காலத்தையே பொருளாகக் கொண்டது. எச்.பி.ஓ. நிறுவனத்துக்காக ரிச்சார்ட் பெஞ்சமின் இயக்கிய இப்படம், விமானப்படைக் கேணல் ஜேம்ஸ் பேர்ட்டன் 1993இல் வெளியிட்ட நூலைத் தழுவியது. கதையின் நடுநாயகம் ‘பிராட்லி’ என்னும் கவச வாகனம்.

அவ்வாகனம் பிறந்த விதத்தைக் காட்டும் பகுதியே படத்தின் உச்சம். காலாட்படையினரை ஏற்றிச் செல்லும் எளிய வாகனமொன்றைச் செய்யும் பொறுப்பு ஒரு கேணலிடம் ஒப்படைக்கப்படுகின்றது. ஒரு ஜெனரல் துப்பாக்கி வேண்டும் என்கின்றார். இன்னொருவர் வேவு பார்க்கவும் உதவ வேண்டும் என்கின்றார். வேறொருவர் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை இல்லையா என்று கேட்கின்றார். ஒவ்வொன்றும் சேரச் சேர உள்ளே ஆட்களுக்குரிய இடம் குறைகின்றது. ரவையும் எரிபொருளும் நிறைகின்றன. கேணலின் தலைமயிர் நரைக்கின்றது. ஆளாளுக்கு உப்பிட்ட கறிபோல், எந்தப் பணிக்கும் முற்றாகப் பொருந்தாத ஒரு பண்டம் இறுதியில் உருவாகின்றது. பதினேழு ஆண்டுகளும் 1,400 கோடி டொலரும் இதற்குச் செலவாயின என்று படம் கணக்குச் சொல்கின்றது.

இங்கே வரலாற்று மாணவன் சற்று நிதானிக்க வேண்டும். நகைச்சுவை மிகைப்படுத்தும், அதன் இயல்பு அது. பிராட்லியின் வடிவம் மாறியமைக்கு ஜெனரல்களின் சபலம் மாத்திரமே காரணமன்று. 1967இல் சோவியத் ஒன்றியம் துப்பாக்கியும் ஏவுகணையும் பொருத்திய காலாட்படைக் கவச வாகனத்தை அணிவகுப்பிலே காட்டியது. அதற்கு ஈடு கொடுக்க வேண்டுமென்ற எண்ணம் அமெரிக்கத் திட்டத்தைப் பலவாறு திருப்பியது. முன்னைய வாகனம் பதினொரு போர்வீரரை ஏற்றியது. புதிய வாகனத்தின் பின்புறத்திலோ ஆறேழு பேருக்கே இடமிருந்தது. அலுமினியக் கவசத்தின் உள்ளே அவர்களுக்கு அருகிலேயே ரவைகளும் ஏவுகணைகளும் அடுக்கப்பட்டிருந்தன. இவையெல்லாம் படத்தின் கற்பனையல்ல.

படத்தின் பிற்பகுதி பேர்ட்டனின் கதை. பாதுகாப்புத் திணைக்களத்திலே ஆயுதச் சோதனைகளை மேற்பார்வை செய்யும் பதவியிலிருந்த அவர், 1980களின் நடுப்பகுதியில் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். உள்ளே எரிபொருளும் ரவையும் நிறைந்திருக்கும் பிராட்லியை, எதிரி பயன்படுத்தும் ஆயுதத்தினால் அடித்தால் என்ன நடக்கும்? யாரும் அவ்வாறு அடித்துப் பார்த்ததில்லை. மேரிலன்ட் மாநிலத்து அபர்டீன் களத்திலே சோதனைகள் தொடங்கியபோது, எரிபொருள் தாங்கியிலே நீர் நிரப்பப்பட்டதென்றும், வெடிக்கக்கூடிய ரவைகளுக்குப் பதில் வெடிக்காதவை வைக்கப்பட்டனவென்றும், வலுக்குறைந்த ருமேனிய றொக்கற்றுகள் எய்யப்பட்டனவென்றும் அவர் எழுதுகின்றார். இராணுவத்துப் பொறியியலாளர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. வாகனம் முற்றாக எரிந்து போனால் எந்தப் பாகம் எவ்வாறு சேதமுற்றது என்று அறிய முடியாது; படிப்படியாகவே சோதிக்க வேண்டும் என்றனர். அது முற்றிலும் புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் படிப்படியாக ஏறும் ஏணியின் கடைசிப் படி எப்பொழுது வரும் என்பதற்கு அவர்களிடம் விடை இருக்கவில்லை. அதற்கிடையில் வாகனங்களோ தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவந்துகொண்டிருந்தன.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மாணவனே வினாத்தாளையும் எழுதி, விடைத்தாளையும் திருத்தி, புள்ளியையும் இட்டுக்கொள்ளும் பரீட்சை அது. தேறாவிட்டால் திட்டத்துக்குப் பணம் நின்றுவிடும். பணம் நின்றால் பொறுப்பதிகாரியின் பதவியுயர்வு நின்றுவிடும். கம்பனியின் இலாபமும் நின்றுவிடும். தேறினால் எல்லோருக்கும் நன்மை, உள்ளே அமரும் ஆறேழு பேரைத் தவிர. அவர்கள் எந்தக் குழுவிலும் அங்கத்தவரல்லர்.

பேர்ட்டனை அலாஸ்காவுக்கு மாற்றும்படி உத்தரவு பிறந்தது. காங்கிரஸ் உறுப்பினர் சிலரின் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. ஈற்றில், 1986இல், அவர் சேவையிலிருந்து விலக நேர்ந்தது. ஆயினும் அவ்வாண்டிலேயே, புதிய ஆயுதமொன்றை முழு அளவில் உற்பத்தி செய்வதற்கு முன், போர்க்களத்தில் இருப்பதுபோன்று ஆயத்தம் செய்து, உண்மையான வெடிபொருளால் அடித்துச் சோதிக்க வேண்டுமென்று காங்கிரஸ் சட்டமியற்றியது. பிராட்லியின் கவசம் தடிப்பாக்கப்பட்டது. உட்சுவரிலே சிதறல்களைத் தடுக்கும் விரிப்புப் பொருத்தப்பட்டது. ரவைகள் இடம் மாற்றி அடுக்கப்பட்டன. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் இருபது பிராட்லிகள் அழிந்தன. அவற்றுள் பதினேழு அமெரிக்கப் படைகளின் சொந்தச் சூட்டினாலேயே அழிந்தன என்று காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 1992இல் அறிவித்தது. 2023இல் யுக்ரேனுக்கு வழங்கப்பட்ட பிராட்லிகள் அங்கே நன்மதிப்புப் பெற்றன. இதைக் காட்டிப் படம் பொய் சொன்னதென்போரும் உளர். அது பொருந்தாது. நோயாளி குணமடைந்தான் என்பது நோயே இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

படத்தின் முடிவுரை கசப்பானது. வாகனம் திருத்தப்பட்டது, பேர்ட்டன் வீட்டுக்குப் போனார், சோதனையைத் தடுத்த ஜெனரலும் அவருடைய உதவியாளர்களும் பதவியுயர்வு பெற்றுப் பின்னர் தனியார் ஆயுதத் தொழிலிலே நல்ல சம்பளத்தில் அமர்ந்தனர் என்று அது அறிவிக்கின்றது. புரொக்ஸ்மையரின் 2,072 பேரை நினைவிற் கொண்டோர்க்கு இதில் வியப்பில்லை.

இந்த இடத்திலேதான் நமது கேள்வியை எழுப்ப வேண்டியிருக்கின்றது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாக நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? பெருமை பேசும் ஜெனரலை, தலையாட்டும் கேணலை, விசாரணையில் திக்குமுக்காடும் அதிகாரிகளை. அந்த வாகனத்தைச் செய்து விற்றவன் எங்கே? முடிவுரையில் வரும் ‘தனியார் தொழில்’ என்னும் சொற்களுக்குள் அவன் ஒளிந்திருக்கின்றான். ஏதென்ஸிலே மேடையின் நடுவில் நின்று அழுதவன், இங்கே திரைக்குள்ளும் வரவில்லை. அவன் சிறியவனாக இருந்தபோது அவனைப் பார்த்துச் சிரித்தோம்; பெரியவனானதும் அவனை வாங்கியவனைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டோம். சீருடைக்கு முகம் உண்டு. பங்குப் பத்திரத்துக்கு முகமில்லை. முகமற்றதைக் கேலிச்சித்திரமாக வரைவது கடினந்தான். ஆனால் அக்கடினத்துக்குப் பணிந்துவிடும் அங்கதம், ஓர் அமைப்பின் நோயைச் சில முட்டாள்களின் குணக்கேடாகக் காட்டிவிடுகின்றது. முட்டாள்களை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதலுடன் பார்வையாளன் எழுந்து போகின்றான்.

திரைக்குள் வராதவன் வேறோரிடத்தில் வரவேண்டியிருந்தது. படம் ஒளிபரப்பானது 1998 பெப்ரவரியில். அவ்வாண்டு ஏப்ரலில், கலிபோர்ணியா மாநிலத்துச் சான் ஹொசே நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்திலே, பிராட்லியைச் செய்த எப்.எம்.சி. கம்பனிக்கு எதிரான வழக்கொன்றில் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். வழக்காளி அக்கம்பனியிலேயே சோதனைகளை மேற்பார்வை செய்த ஒரு தொழிலாளி. பிராட்லி நீரிலே மிதந்து ஆறு கடக்கும் என்பது கம்பனி இராணுவத்துக்குக் கொடுத்த வாக்குறுதி. 1980களின் முற்பகுதியில் அவர் வாகனத்தை நீரிலே இறக்கிப் பார்த்தார். உள்ளே நீர் புகுந்து நிறைந்தது. அதை அவர் அறிக்கையாக எழுதினார், பொய் அறிக்கையிலே கையொப்பமிட மறுத்தார், வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கம்பனி அரசாங்கத்தை ஏமாற்றியதென ஜூரிகள் கண்டு, பத்துக் கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையை நட்டஈடாக விதித்தனர். அவர் வழக்குத் தொடர்ந்தது எந்தச் சட்டத்தின் கீழ்? மழையிலே பிரிந்துபோன ‘ஷொடி’ச் சீருடைகளின் காலத்தில், 1863இல் இயற்றப்பட்டு, 1986இல் வலுவூட்டப்பட்ட அதே சட்டத்தின் கீழ்.

ஒரே வாகனத்துக்கு இரு பரீட்சைகள். நெருப்புப் பரீட்சையிலே எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தில் நீரை நிரப்பினார்கள். நீர்ப் பரீட்சையிலே மனிதர் இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிரம்பியது. அரிஸ்தோபனீஸ் உயிரோடிருந்தால் இந்த இரண்டாவது காட்சியை விட்டிருக்கமாட்டார். படமோ, முதற் காட்சியை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீதிமன்றத்துக்கு விட்டுவிட்டது.

இன்னுமொரு கேள்வி எஞ்சுகின்றது. முற்போக்கு எண்ணமுடையோர் அதனைத் தவிர்க்க முடியாது. கொல்லும் கருவி செம்மையாக இயங்க வேண்டுமென்பதா நமது கோரிக்கை? ஓட்டைக் கவசத்தைக் கண்டு நகைக்கும்போது, ஓட்டையில்லாக் கவசத்தை மறைமுகமாக வாழ்த்துகின்றோமா? இக்கேள்விக்கு இலகுவான விடை கிடையாது. வாகனத்தின் பின்புறத்திலே அமர்பவன் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்து இளைஞன். படிப்புச் செலவுக்காகவும் சம்பளத்துக்காகவும் சேர்ந்தவன். அவன் ஏறும் வாகனம் தீப்பெட்டியா அன்றா என்று அறியும் உரிமை அவனுக்கு உண்டு. அவ்வுரிமைக்காகப் போராடிய கேணலும் தொழிலாளியும் மதிப்புக்குரியவர்களே. ஆனால் அவர்கள் வென்ற பரீட்சை, கவசத்துக்கு உள்ளே இருப்பவனின் உயிரை மாத்திரமே கணக்கெடுத்தது. திருத்தப்பட்ட அந்த வாகனம் 1991இலும் 2003இலும் ஈராக்கின் மண்ணிலே ஓடியது. கவசத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி எந்தச் சோதனைக்களத்திலும் எந்த விசாரணைக் குழுவிலும் வினாத்தாள் தயாரிக்கப்படவில்லை. வாகனம் ஏன் அங்கே போகின்றது என்று படத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அரிஸ்தோபனீஸின் குடியானவன் மார்புக்கவசத்தைத் தட்டிப் பார்த்து, இது தடிப்புக் குறைந்தது, இன்னும் கனமாகச் செய்து வா என்று வணிகனிடம் சொல்லவில்லை. ஈட்டி நேராக இருக்கின்றதா என்றும் பார்க்கவில்லை. தன் தோட்டத்திலே அதற்கு என்ன வேலை என்று மாத்திரமே கேட்டான். ‘பென்ரகன் போர்கள்’ பார்த்துச் சிரிப்பதற்குரிய படம். மாணவருக்குக் காட்டுவதற்கும் உரியது. காட்டும் ஆசிரியர், படம் முடிந்தபின் அந்தக் குடியானவனின் கேள்வியையும் வகுப்பிலே கேட்க வேண்டும்.